எம்.எஸ். நோயில் நடைக்கான மாத்திரை: முதல் மாத்திரைக்கு முன்னும் அடுத்த நான்கு வாரங்களும்

கேள்வி: எனக்கு வயது 41. குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2016-ல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்., நரம்பின் மேலுறை உரிந்துபோகும் நோய்) என்று கண்டுபிடித்தார்கள். நோயைக் கட்டுப்படுத்த டைமெத்தில் ஃப்யூமரேட் காப்ஸ்யூல் காலையும் இரவும், கால் இறுக்கத்துக்கு பாக்லோஃபென் 10 மி.கி. மூன்று வேளையும் எடுத்து வருகிறேன். இரண்டு வருடமாகப் புதிய தாக்குதல் எதுவும் இல்லை. ஆனால் இடது கால் இழுக்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு 5 நிமிடத்தில் நடந்தவள், இப்போது கால் மணி நேரம் எடுக்கிறேன். போன வாரம் வேலூரில் நரம்பியல் மருத்துவர் நடைக்காக டால்ஃபாம்ப்ரிடின் 10 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரை வாங்கி வைத்துவிட்டேன்; வலிப்பு வரலாம் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. முதல் வாரம் அரை மாத்திரையாகப் போட்டுப் பார்க்கலாமா? கத்திரி வெயில் முடிந்து தொடங்கு என்கிறார் என் நாத்தனார். இது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் எடை 52 கிலோ, நவம்பரில் எடுத்த கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) 0.9. அடிக்கடி நீர்க்கடுப்பும் வரும்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அரை மாத்திரை வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உடனே பதில் எழுத வைத்தது இந்த வரிதான். இரத்த அழுத்த மாத்திரையையோ தைராய்டு மாத்திரையையோ பாதியாக உடைத்துத் தொடங்குவது நம் வீடுகளில் வழக்கம். இந்த மாத்திரையில் அந்த எச்சரிக்கையே ஆபத்தாகிவிடும். 10 மில்லிகிராம் மருந்தும் 12 மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இரத்தத்தில் சேரும்படி அந்த மாத்திரையைச் செய்திருக்கிறார்கள். உடைத்தாலோ, மென்றாலோ, தண்ணீரில் கரைத்தாலோ அந்த அமைப்பு குலைந்து மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் வெளியே வரும். நீங்கள் பயப்படும் வலிப்பு வரும் வாய்ப்பு, இரத்தத்தில் இந்த மருந்தின் அளவு ஏற ஏறக் கூடுகிறது. ஆக, பயந்து உடைத்த பாதி மாத்திரை முழு மாத்திரையைவிடப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. முழுசாக விழுங்க வேண்டும். குறைத்துத் தொடங்கி ஏற்றிக்கொண்டு போகும் முறை இந்த மருந்துக்குக் கிடையாது. 10 மி.கி. இரண்டு வேளை, இடையில் 12 மணி நேரம். தொடக்க அளவும் அதுதான், உச்ச அளவும் அதுதான்.

உங்கள் பயத்தைத் தணிக்க வேறு வழி இருக்கிறது. முதல் மாத்திரைக்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துவிட்டால் வலிப்பு அபாயம் குறையும், முழுசாக நீங்கிவிடாது. ஒன்று சிறுநீரகம், மற்றொன்று பழைய வலிப்பு.

சிறுநீரகத்தை முதலில் பார்ப்போம். இந்த மருந்து ஏறக்குறைய முழுவதுமாகச் சிறுநீர் வழியாகவே உடலை விட்டு வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமாக இருந்தால், காலை மாத்திரையின் மிச்சம் உள்ளே இருக்கும்போதே இரவு மாத்திரையும் வந்து சேரும். நாளொன்றுக்கு இரண்டே மாத்திரை எடுத்தும் இரத்தத்தில் மூன்று மாத்திரை அளவு நிற்கும். சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகத்தைச் சொல்லும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் என்ற கணக்கு நிமிடத்துக்கு 50 மி.லி. அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த மருந்து கொடுக்கவே கூடாது. கவனியுங்கள், பரிசோதனைச் சீட்டில் அச்சாகி வரும் கிரியேட்டினின் எண் வேறு, இந்தக் கிளியரன்ஸ் வேறு. சீட்டில் ‘நார்மல்’ என்று இருந்தாலும் கிளியரன்ஸ் குறைவாக இருக்கலாம். வயதும் எடையும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

கணக்கு இதுதான்: 140-லிருந்து வயதைக் கழியுங்கள். வருவதை எடையால் பெருக்குங்கள். அதை, 72-ஐக் கிரியேட்டினினால் பெருக்கி வரும் தொகையால் வகுங்கள். பெண்களுக்குக் கடைசியில் 0.85-ஆல் பெருக்க வேண்டும். உங்களுக்கு 99-ஐ 52-ஆல் பெருக்கினால் 5148. கீழே 72-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 64.8. வகுத்தால் 79.4, 0.85-ஆல் பெருக்கினால் சுமார் 67. மருந்தைத் தொடங்கலாம். ஆனால் 51-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கிறீர்கள். இலேசான குறைவு என்று கருதும் வரம்பு இது. இந்த வரம்பில் இருப்பவர்களுக்கு மருந்து மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகமாகத் தங்கும் என்பதால், தவறு செய்ய இடம் கொஞ்சம்தான் இருக்கிறது.

எவ்வளவு கொஞ்சம் என்றும் பாருங்கள். இதே வயது, இதே எடையில் கிரியேட்டினின் 1.2 ஆனால் கிளியரன்ஸ் 51-க்கு இறங்கிவிடும். 1.3 ஆனால் 47, மருந்தை நிறுத்தியாக வேண்டும். இதே 0.9 கிரியேட்டினின் 60 வயதில் 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு இருந்தால், சீட்டு நார்மல் என்று சொல்லும், கணக்கோ 47 என்று சொல்லும். அவருக்கு இந்த மாத்திரை கிடையாது.

நவம்பர் மாதச் சீட்டை வைத்து இப்போது தொடங்குவது எனக்குச் சம்மதமில்லை. நம் பக்கத்து வெயிலில் உடம்பு வற்றினாலே கிரியேட்டினின் ஏறும். எம்.எஸ். உள்ளவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. சிறுநீரை அடக்க முடியாமல் போகுமே என்று பயந்து, பள்ளிக்கோ வேலைக்கோ போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். ஆசிரியைகளிடம் இது இன்னும் அதிகம். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையும் அவ்வப்போது சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. ஒரு வாரம் வலி மாத்திரை இல்லாமல், வழக்கமாகத் தண்ணீர் குடித்து, பிறகு கிரியேட்டினின் புதிதாக எடுங்கள். குடியாத்தத்திலேயே எடுக்கலாம், இதற்காக வேலூர் வரை பஸ் ஏற வேண்டாம். வந்த எண்ணை மேலே சொன்ன கணக்கில் போட்டு, உங்கள் மருத்துவரிடம் காட்டிய பிறகே முதல் மாத்திரை. அதன் பின் வருடத்துக்கு ஒரு முறையாவது எடுக்க வேண்டும். உங்கள் எண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது என் கருத்து. வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் என்று உடம்பு வற்றிய எந்த வாரத்திலும் மாத்திரையைத் தொடர்வதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, வலிப்பு. ‘உங்களுக்கு வலிப்பு உண்டா?’ என்று மருத்துவர் கேட்டிருப்பார், இல்லை என்று சொல்லியிருப்பீர்கள். அந்தக் கேள்வியை உங்கள் அம்மாவிடம் வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் காய்ச்சலில் ஜன்னி கண்டதா? கை கால் இழுத்துக்கொண்டதா? கண் சொருகிப் பல் கிட்டியதா? தலையில் அடிபட்டு மயங்கி விழுந்ததுண்டா? நம் வீடுகளில் இவற்றை வலிப்புக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. முன்பு வலிப்பு வந்தவர்களுக்கு இந்த மருந்து கூடாது என்பதுதான் விதி. அப்படி ஏதாவது இருந்தது தெரிந்தால், எத்தனை வயதில், எத்தனை முறை என்று விசாரித்து எழுதிக்கொண்டு, மாத்திரையைத் தொடாமல் மருத்துவரிடம் போங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கான எண்ணம் இருந்தாலோ அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி, இந்த மருந்திடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று பார்ப்போம். நரம்பு இழையின் மேலுறையான மயலின் எம்.எஸ். நோயில் அங்கங்கே உரிந்துபோகிறது. உறை போன இடத்தில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் திறந்துகிடக்கின்றன. மூளையிலிருந்து காலுக்கு வரும் சமிக்ஞை, ரப்பர் உரிந்த ஒயரில் கரண்ட் கசிவதைப் போல, அந்த இடத்தில் வலுவிழந்து நின்றுவிடுகிறது. டால்ஃபாம்ப்ரிடின் அந்த வாசல்களை அடைப்பதால் சமிக்ஞை உரிந்த இடத்தைத் தாண்டிப் போகிறது. உரிந்த உறை வளர்வதில்லை. புதிய தாக்குதல்களும் இதனால் தடுக்கப்படுவதில்லை. ஆகவே டைமெத்தில் ஃப்யூமரேட்டை ஒரு வேளைகூட விடக்கூடாது. நடை நன்றாக இருக்கிறதே என்று அதைத் தளர்த்திவிடுபவர்கள் உண்டு. நோயைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் காப்ஸ்யூல்தான்.

எல்லோருக்கும் இது கேட்பதில்லை என்பதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள். அமெரிக்காவில் 2010 ஜனவரியில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையாக இருந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்றில் மருந்து எடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்கும், மற்றொன்றில் 43 சதவீதம் பேருக்கும் நடை வேகம் சீராகக் கூடியது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் அப்படிக் கூடியது 8, 9 சதவீதம் பேருக்குத்தான். கேட்டவர்களுக்கு வேகம் சராசரியாகக் கால்வாசி கூடியது. அதாவது, உங்களுக்கும் கேட்டால், உங்கள் கால் மணி நேர நடை பன்னிரண்டு நிமிடம் ஆகலாம். பழைய 5 நிமிடம் திரும்பி வராது. ஐந்து பேரில் மூன்று பேருக்குச் சொல்லும்படியான பலன் இருக்காது. அந்த மூவரில் நீங்கள் இருந்தால் அது உங்கள் முயற்சிக் குறைவு ஆகாது.

அதனால்தான் அளந்து பார்ப்பது முக்கியம். ‘கொஞ்சம் பரவாயில்லை போல இருக்கிறது’ என்ற நினைப்பிலேயே வருடக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கி, சிறுநீரகத்தையும் பணயம் வைத்துக்கொண்டிருப்பது வேண்டாத வேலை. மருத்துவமனையில் செய்யும் சோதனையையே வீட்டில் செய்யலாம். தேவையானது 7 மீட்டர் 62 சென்டிமீட்டர், அதாவது 25 அடி நீளமுள்ள நேரான தரை. வராந்தாவோ மொட்டை மாடியோ போதும். கல் பதித்த வாசல் வேண்டாம். இன்ச் டேப்பால் அளந்து இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போடுங்கள். இரண்டாவது கோட்டுக்கு அப்பால் இன்னும் ஐந்தாறு அடி காலியாக இருக்கட்டும். கோட்டிலேயே நிற்க நினைத்தால் கால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடும். முதல் கோட்டில் கால் விரல்கள் தொட நின்று, விழாமல் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடங்கள். உங்கள் கணவரோ பிள்ளையோ செல்போன் ஸ்டாப்வாட்ச்சை, கால் முதல் கோட்டைத் தாண்டி அசைந்ததும் அழுத்தி, இரண்டாம் கோட்டைத் தாண்டியதும் நிறுத்தட்டும். கூடவே ஒருவர் இடது பக்கம் வர வேண்டும். சில நிமிடம் உட்கார்ந்து எழுந்து, திரும்ப ஒரு முறை. இரண்டின் சராசரிதான் அன்றைய எண்.

அதே செருப்பு, அதே கைத்தடி, அதே தரை, அதே நேரம். இதில் ஒன்று மாறினாலும் எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். மருந்து விழுங்கிய 3 முதல் 4 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வரும். காலை 6 மணிக்கு மாத்திரை என்றால் 9 மணிக்குச் சோதனை. பள்ளி நாளில் முடியாது, ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன் இரண்டு ஞாயிறு, அதே 9 மணிக்கு நடந்து எண்ணை எழுதி வையுங்கள். தொடங்கிய பின் இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் நடந்து பாருங்கள். நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். முன்பு 14 நொடி ஆகியிருந்தால் 11 நொடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். 13 ஆனால் அது அன்றாட ஏற்ற இறக்கம்தான்.

ஸ்டாப்வாட்ச் சொல்லாதவையும் உண்டு. படி ஏறுவது, வகுப்பில் நின்றுகொண்டு பாடம் நடத்துவது, நடக்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருப்பது, அடுத்த அடியில் கவனம் வைத்தே நடக்க வேண்டியிருப்பது போன்றவற்றைக் கேட்கும் 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் மருத்துவமனைகளில் இருக்கிறது. தொடங்குவதற்கு முன் ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று நிரப்பிக் கொடுங்கள். வேகம் அவ்வளவு கூடாவிட்டாலும் இந்தப் படிவத்தில் தெளிவான மாற்றம் தெரிந்தால் மருந்தைத் தொடர அதுவும் ஒரு நியாயமான காரணம்.

கேட்கும் மருந்து என்றால் இரண்டு வாரத்தில் தெரியும், நான்கு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் போட்டால் கேட்கும், ஆறு மாதம் போட்டால் கேட்கும் என்பதெல்லாம் இதற்குப் பொருந்தாது. நான்காவது ஞாயிறும் பழைய எண்ணே வந்தால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடலாம். நிறுத்துவதற்குப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: பாக்லோஃபென் அப்படியல்ல. அதைச் சட்டென்று நிறுத்தினால் கடும் இறுக்கமும், மனக்குழப்பமும், வலிப்பேகூட வரும். புது மாத்திரை வந்துவிட்டதே என்று அதை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

நேரம் வகுத்துக்கொள்வதைப் பார்ப்போம். எழுதிக் கொடுத்தது ‘காலை, இரவு’ என்றாலும் 12 மணி நேர இடைவெளிதான் முக்கியம். காலை 8, இரவு 10 என்று போட்டால் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் 10 மணி நேரம்தான். அது தப்பு. உங்களுக்குக் காலை 6, மாலை 6 சரியாக வரும். வெறும் வயிற்றில் விழுங்குவது நல்லது, சாப்பாட்டோடு எடுத்தால் உச்ச அளவு கொஞ்சம் கூடும். 6 மணிக்கு இந்த மாத்திரை, டிபன் சாப்பிடும்போது டைமெத்தில் ஃப்யூமரேட். மாலை மாத்திரையை 6 மணிக்கே எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்த மருந்தின் சாதாரணத் தொந்தரவுகளில் ஒன்று தூக்கம் வராமை. இரவு 9, 10 மணிக்குப் போட்டால் உச்சம் நடுராத்திரியில் வந்து விழும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அதை விட்டுவிடுங்கள். மாலை 8 மணிக்கு ஞாபகம் வந்தது, அப்போதே போட்டுக்கொண்டேன், காலையில் வழக்கம்போல 6 மணிக்கு என்று இழுக்கக் கூடாது. இரண்டாகச் சேர்த்துப் போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அளவு கூடினால் வலிப்பு அபாயமும் கூடும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வருகிறவர்கள், ஸ்டிரிப்பின் பின்புறம் பேனாவால் தேதி எழுதி வைப்பது நல்ல வழி. ஸ்டிரிப்பிலிருந்து முன்கூட்டியே பிரித்துப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், ஈரம் ஆகாது. மே மாதத்தில் ஜன்னல் ஓரமும் ஸ்கூட்டர் டிக்கியும் மாத்திரை வைக்கும் இடமல்ல. வீட்டின் குளிர்ச்சியான அலமாரி போதும்.

மருந்துக்கடையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பெயரில் விற்கின்றன. டால்ஃபாம்ப்ரிடின், ஃபாம்ப்ரிடின், 4-அமினோபிரிடின் மூன்றும் ஒரே மருந்து. ஒரு கடையில் ஒரு பெயரிலும் அடுத்த மாதம் வேறு கடையில் வேறு பெயரிலும் வாங்கி, இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுவிடும் ஆபத்து நிஜமானது. அட்டையில் மெதுவாகக் கரையும் வகை என்பதற்கான எஸ்.ஆர். அல்லது ஈ.ஆர். என்ற குறி இருக்க வேண்டும். இது எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்கும் மருந்தல்ல, பத்து நாள் மிச்சமிருக்கும்போதே சொல்லி வையுங்கள்.

நீர்க்கடுப்பை எழுதியிருந்தீர்கள், நல்லதாயிற்று. இந்த மருந்து எடுப்பவர்களிடம் சிறுநீர்த் தொற்று சற்று அதிகமாகவே பதிவாகியிருக்கிறது. எம்.எஸ். உள்ளவர்களுக்குத் தொற்று வந்தாலே கால் இன்னும் கனத்துப்போகும், அதை மருந்து கேட்கவில்லை என்றோ புதிய தாக்குதல் என்றோ தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எரிச்சல், நாற்றம், காய்ச்சல் இருந்தால் முதலில் சிறுநீர் பரிசோதனை, முடிந்தால் எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர். இதில்தான் ஒரு பொறி இருக்கிறது. நீர்க்கடுப்புக்கு நம் ஊர்க் கடைகளில் சட்டென்று எடுத்துக் கொடுப்பது சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகைகள். இவை தாமாகவே வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. டால்ஃபாம்ப்ரிடினும் உள்ளே இருக்கும்போது வேறு ஆன்டிபயாடிக் கிடைக்குமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அதேபோல வலிக்குக் கொடுக்கும் டிரமடால், மன அழுத்தத்துக்கும் புகையை விடுவதற்கும் கொடுக்கும் புப்ரோபியான். வயிற்றுப் புண்ணுக்கான சிமெடிடின் இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதையே தடுக்கும், சேரவே கூடாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் சொல்லிவிட வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சலுக்குப் போனாலும் இந்த மாத்திரையின் ஸ்டிரிப்பைக் கையில் எடுத்துப் போங்கள். பெயரைச் சொன்னால் பலருக்குப் பழக்கமிருக்காது.

முதல் நான்கு முதல் எட்டு வாரம் வரை விழுவதற்கான வாய்ப்பு கூடுதல். தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் இந்தக் காலத்தில்தான் அதிகம். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. கால் வேகமாக வருகிறது என்றதும் கைத்தடியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வேகம் கூடிய அளவுக்குச் சமநிலை கூடியிருக்காது. கைத்தடி இரண்டு மாதம் கூடவே இருக்கட்டும். ஸ்கூட்டர் ஓட்டுபவராக இருந்தால் முதல் இரண்டு வாரம் ஓட்ட வேண்டாம். குளியலறையில் பிடிமானக் கம்பி இல்லையென்றால் மாத்திரை தொடங்கும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள். தலைவலி, குமட்டல், மலச்சிக்கல், கை கால் மதமதப்பு வரலாம். பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவில் இருக்கும், சிலருக்குத் தானே அடங்கும். முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற நரம்பு வலி முன்பு வந்திருந்தால் அது திரும்பலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ மாத்திரையை அத்தோடு நிறுத்தி உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கை நடுக்கம், வியர்வை, பேச்சுக் குழப்பம் சேர்ந்து வந்தால் மருந்து அதிகமாகியிருக்கலாம், அதற்கும் மருத்துவமனைதான். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் உள்ளவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்கு அடியில் மடித்த துணி, வாயில் ஸ்பூனோ தண்ணீரோ கூடாது, கையில் சாவிக்கொத்து திணிப்பதால் எதுவும் ஆகாது. நேரம் பார்த்துக்கொண்டே 108. ஒரே ஒரு வலிப்பு வந்தாலும் இந்த மருந்து உங்களுக்கு நிரந்தரமாக முடிந்தது, மறுபடி தொடங்கக் கூடாது.

நாத்தனார் சொன்ன கத்திரி வெயிலுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. உடல் சூடு அரை டிகிரி கூடினாலே மயலின் உரிந்த நரம்பில் சமிக்ஞை தடைபடும். உடல் உழைப்புக்குப் பின் எம்.எஸ். நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைக் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890-லேயே பதிவு செய்தார்; அதற்கும் உடல் சூடுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் மே மாதத்தில் யாருக்கும் தெரியாமல் நடை கெடும், உடம்பு ஆறியதும் திரும்பும். ஏப்ரல் கடைசியில் மாத்திரை தொடங்கி, மே நடுவில் நடந்து பார்த்தால், மருந்து கொடுத்த வேகத்தை வெயில் தின்றிருக்கும். கேட்கிற மருந்தையும் கேட்கவில்லை என்று நிறுத்திவிடுவீர்கள். சிறுநீரகமும் அந்த மாதத்தில்தான் அதிகம் வற்றும். ஆகவே புதிய கிரியேட்டினின் சீட்டும் நான்கு வார அளவீடும் ஏப்ரலுக்குள் முடியும் என்றால் இப்போதே தொடங்குங்கள். முடியாது என்றால் பள்ளி திறந்து முதல் மழை விழுந்த பின் தொடங்குவதில் எந்த நஷ்டமும் இல்லை. தள்ளிப் போடுவதால் நோய் கூடாது, ஏனென்றால் இது நோயைத் தடுக்கும் மருந்தே அல்ல. எப்போது தொடங்கினாலும், கோடையில் வெளியே போகும் முன் கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு, நிழலில் நடை, நடுப்பகலில் பஸ் நிறுத்தத்தில் நிற்காமை ஆகியவையும் உங்கள் காலுக்கு உதவும்.

நாளாக நாளாக நடை குறைவதுபோல் இருந்தால் மருத்துவரைக் கேட்டு ஒன்றிரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தி, அதே ஞாயிறு சோதனையைச் செய்யுங்கள். நிறுத்தியதும் எண் கெட்டால் மருந்து இன்னும் உதவுகிறது என்று அர்த்தம். எதுவும் மாறாவிட்டால் வீண் செலவு. ஆனால் ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் புதிய பலவீனம், பார்வை மங்கல், மரத்துப்போதல் என்றால் அது சோதனைக்கான நேரமல்ல. புதிய தாக்குதலாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரிடம் உடனே போங்கள்.

இழுக்கும் அந்த இடது காலைப் பற்றி. ‘இழுக்கிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பது பாதத்தின் முன்பகுதி தூக்க முடியாமல் தரையில் உரசுவதாக இருந்தால், மாத்திரை கேட்டாலும் அதை முழுசாகச் சரி செய்யாது. இடது செருப்பின் முனை மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் கணுக்காலைத் தூக்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் தாங்கி தேவைப்படலாம். வேலூர் பாகாயத்தில் உள்ள மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையம் போன்ற இடத்தில் நடையைப் பார்த்து, காலை அளந்து செய்து கொடுப்பார்கள். பின்பட்டை இல்லாத செருப்புக்குள் அது நிற்காது. பட்டை வைத்த, ஒரு அளவு பெரிய ஷூவையும் எடுத்துக்கொண்டு போங்கள். பாக்லோஃபென் அளவையும் அங்கே சொல்லுங்கள். அது கூடினால் கால் துவண்டு நடை மோசமாகும், ஏனென்றால் பலவீனமான காலுக்கு நிற்பதற்குக் கொஞ்சம் இறுக்கமும் தேவைப்படுகிறது. இந்த இரண்டையும் டால்ஃபாம்ப்ரிடின் தொடங்கும் அதே மாதத்தில் மாற்றாதீர்கள். மூன்றும் ஒரே நேரத்தில் மாறினால் எது உதவியது என்று ஞாயிற்றுக்கிழமை எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தாங்கியை மாத்திரைக்கு முன்பே வாங்கிப் பழகிவிட்டால், முதல் எண்ணையும் தாங்கியோடேயே எடுங்கள்.